ஐந்தடிக்கு மூன்றடி

சரக்குச் சீட்டின் பின்பக்கம்
என் வீட்டு முன்வாசல்.
பார்ஸ்டோவில் லாரிக்கு டீசல் நிரம்பும்வரை
பென்சிலால் போட்ட படம்.
இந்த முனை தபால்பெட்டி,
இந்தக் கோடு நடைபாதை,
நடுவே போன கோடையில் செத்துப்போன புல்லின்
வைக்கோல் நிறச் சதுரம்.

டூசானில் நான் மாதத்துக்கு நான்கு நாள்.
மீதி நாளெல்லாம் வெயில்தான் அங்கே குடியிருக்கிறது.
ஆகவே ஒரே நிபந்தனை:
என்னைத் தேடாத செடியாக இருக்க வேண்டும்.

ரோஜாவை முதலில் அடித்தேன்.
தினமும் விசாரிக்காவிட்டால்
முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.
அந்தக் குணத்தோடு ஒன்பது வருஷம்
குடித்தனம் பண்ணியாயிற்று.

மயில்கொன்றை இரண்டு, சன்னலுக்கு நேரே.
வெயில் ஏற ஏற அதற்குத் திமிரும் ஏறும்.
காகிதப்பூ சுவரோரம்.
ஊட்டி வளர்த்தால் இலையாய் விட்டுத் தள்ளும்,
பட்டினி போட்டால்தான் பூக்கும்.
தரையோடு பத்துமணிப்பூ,
சொன்ன நேரத்துக்குக் கடை திறந்து
சொல்லாமலே சாத்திவிட்டுப் போகிற ஜாதி.
உண்ணிச்செடியைச் சில தேசங்களில்
களை என்று வெட்டி எறிகிறார்களாம்.
வரட்டும், நான் வேலை போட்டுத் தருகிறேன்.
வேலியோரம் பாலைச் சாமந்தி, ஆறு.

அமரில்லோவில் உண்ணிச்செடிக்கு இடம் மாறியது.
எல் பாஸோவில் காபி சிந்தி
மயில்கொன்றை ஒன்று கரைந்துபோனது.
ஒன்றே போதும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச்சில் நட்டேன். சரளைக்கல் பதினாறு மூட்டை.
தானே திறந்து தானே மூடும் சொட்டுக்குழாய்.
வேலிக்கு அந்தப் பக்கம் கிளைட் பென்ஹாலோ,
செம்புச் சுரங்கத்தில் மின்வேலை பார்த்து ஓய்ந்தவர்,
"தண்ணீர்?" என்று மட்டும் கேட்டார்.
"அதுவே பார்த்துக்கொள்ளும்" என்றேன்.
அவர் முகம் சுருங்கியதை
அப்போது வெயிலால் என்று நினைத்தேன்.

ஜூன் கடைசியில் திரும்பி வந்தால்
நாற்பத்தைந்து டிகிரி.
கதவுப் பிடியைத் தொடவே துணி வேண்டும்.
மயில்கொன்றை சன்னலில் பற்றி எரிகிறது,
நல்ல அர்த்தத்தில்.
காகிதப்பூ கொழுகொழுவென்று பச்சை, ஒரு பூ இல்லை.
வேலியோரம் ஆறு சாமந்தியும்
வேர் அழுகி ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கின்றன.
பாலைவனத்தில் மூழ்கிச் செத்தவை.

கம்பியின் மேல் அவர் குழாயின் வாய்
இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
"வெயில் எச்சரிக்கை என்றான் டிவியில்.
நீயோ ரோட்டில்.
ரெண்டு வேளையும் ஊற்றினேன், மிஸ் போஹோர்கெஸ்,
அப்படியும் பிழைக்கவில்லை."

திட்டுவதற்கு வார்த்தைகள் வாயில் வரிசையாக நின்றன.
அவர் வலது காலில் ரப்பர் செருப்பு,
இடது காலில் வேறொரு செருப்பு.
சட்டைப்பையிலிருந்து காய்ந்த பூத்தலை ஒன்றை
எடுத்து நீட்டினார்,
விதை இருக்கும் என்று.

"பைப்பை மூடுங்கள்" என்றேன்.
அவ்வளவுதான் வந்தது.

இரவு சரக்குச் சீட்டை மறுபடி விரித்தேன்.
வேலியிலிருந்து அவர் குழாய் எட்டும் தூரம்
ஐந்தடிக்கு மூன்றடி.
சாமந்தியை அழித்து ஜினியா என்று எழுதினேன்.
ஆரஞ்சு, ரோஸ், கத்தரிப்பூ நிறம்.
காலையில் தண்ணீர் கேட்கும், மாலையில் மறுபடி கேட்கும்,
வாடிய தலையைக் கிள்ளக் கிள்ளத்தான் பூக்கும்.
கடையில் மற்றவர்கள் வேண்டாமென்று வைத்துவிடுகிற
எல்லாத் தொல்லையும் அதில் உண்டு.
காகிதப்பூவின் காலடியில் ஒரு கல் வைத்து
பெயிண்டால் கொட்டை எழுத்தில்:
கிளைட், இதை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஆகஸ்ட் முடியும்போது
லாஸ் க்ரூஸஸ் தாண்டி ஓர் எடைமேடையில்
முன்னால் பதினோரு லாரி.
போனில் ஒரு படம் வந்தது, எழுத்து எதுவும் இல்லை.
முக்கால்வாசி அவர் கட்டைவிரல்,
நகத்தில் மண்.
விரலுக்குப் பின்னால் தெளிவில்லாமல்
ரோஸ் நிறத்தில் ஏதோ.