விரலகலம்

திசையன்விளை, இடையன்குடி ரோடு.
பரோட்டாக் கடைக்கு மேலே என் கடை.
கீழே கல் காய்ந்தால் மேலே தரை காயும்.

நான் பார்ப்பது ஒரே ஓட்டை.
போனின் அடிவயிற்றில்
நெல்மணி படுத்துக் கிடப்பது போன்ற ஓட்டை.
அதற்குள்
சட்டைப்பைப் பஞ்சு, தேரிமணல்,
ஒருமுறை பாக்குத் துண்டு,
ஒருமுறை முட்டையோடு எறும்புக் குடும்பம்.
பின் மாற்ற முந்நூற்றைம்பது.
வீட்டு வாடகை, மகளின் பஸ் கட்டணம்
எல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான் வருகிறது.

கிளைட்டன் உவரியிலிருந்து வருவார்.
கடல்காற்றுக்குப் பின் என்றால் உயிர்.
மூன்றே மாதத்தில் பச்சையாகப் பூத்துவிடும்.
இந்த வருஷம் இது மூன்றாவது.
"சவத்த, ஓட்டையே இல்லாம ஒரு போன் செய்யமாட்டானா?"
என்றவர்
மகன் அனுப்பிய படத்தை நீட்டினார்.
வட்டத் தட்டு. வயர் வேண்டாம், மேலே வைத்தால் போதும்.
போனும் ஏறும், இயர்பட்ஸும் ஏறும்.
ஆயிரத்து நானூறு.
"வாங்கலாமாக்கா? உள்ளதச் சொல்லுங்க."

உள்ளதைச் சொன்னால் எனக்கு நட்டம்.
எனவே மீட்டரை எடுத்தேன்.

விற்க வைத்திருந்த தட்டில் வைத்துக் காட்டினேன்.
சுவரிலிருந்து பத்து புறப்பட்டால்
ஆறுதான் ஊர் போய்ச் சேருகிறது.
மிச்ச நாலும் வழியிலேயே இறங்கிவிடும்,
தொட்டுப் பாருங்கள்,
காய்ச்சல் விடும் நெற்றி போல் இல்லையா?
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
ராதாபுரம் பக்கம் காற்றாடி அத்தனையும் சுற்றுவது
உங்கள் தட்டு வெதுவெதுப்பாக இருக்கவா?
அப்புறம்,
ராத்திரி யாராவது கூப்பிட்டு போன் துடித்தால்
விரலகலம் நகரும்.
விரலகலம் போதும்.
விடிந்தால் நாலு சதவீதம்.

சொன்னதெல்லாம் நிஜம்.
மீட்டர் பொய் சொல்லாது.
எதை அளப்பது என்று முடிவெடுத்தவள் நான்.

கிளைட்டன் தன் விரலைப் பார்த்தார்.
தங்கூசி அறுத்து அறுத்து
மடங்க மறந்த விரல்.
"ரெண்டு மணிக்கு எழும்பணும்.
பொண்டாட்டி புள்ள உறங்கும், லைட்டு போடமுடியாது.
இருட்டுல இந்தக் கையால
பின்னுக்கு ஓட்டை தேடிப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை.

வாங்குங்க என்றேன்.
தடித்த கவர் போடாதீங்க,
நடுவில் சில்லறை வைக்காதீங்க,
இயர்பட்ஸுக்கு மட்டும் வேண்டாம்,
வாரம் ஒருதரம் பசிக்கிற பிள்ளைக்கு
வயரே போதும் என்றேன்.

ஐந்து மாதம் ஆளில்லை.
அந்தோணியார் கொடி ஏறி இறங்கியது.
அவர் போனுக்கென்று எடுத்துவைத்த பின்னை
குட்டம் டீச்சர் ஒருத்திக்குப் போட்டேன்.
வாடகையை அந்த மாதம் இரண்டாய்ப் பிரித்துக் கொடுத்தேன்.
கிளைட்டனால்தான் என்று சொல்லவில்லை.

நேற்று வந்தார்.
கையில் போன் இல்லை.
பழைய பேப்பரில் சுற்றிய தட்டு.
"ஏறமாட்டேங்கு."

திருப்பினேன்.
வயர் வேண்டாத தட்டுக்கு
வயர் சொருக ஒரு ஓட்டை.
உள்ளே
பச்சை பூத்திருந்தது.

முதலில் அவர்தான் சிரித்தார்.
கீழே கொத்துப் பரோட்டா சத்தம்கூட
ஒரு நிமிஷம் நின்றது போலிருந்தது.
"எத்தன?"
"முந்நூத்தம்பது."
"அதானே."
பிறகு, விட்டுக்கொடுக்காமல்,
"போனு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

சாலிடரிங் அயர்ன் சூடாகும்வரை
மேஜையை நோட்டம் விட்டவர்
விற்க வைத்த தட்டைப் பார்த்தார்.
இன்னும் விற்காத தட்டு.
அதன்மேல் என் இயர்பட்ஸ் டப்பா.
எப்போது சரிந்ததோ, விளக்கணைந்து கிடந்தது.

ஒன்றும் கேட்கவில்லை.
மடங்காத அந்த விரலால்
விரலகலம்
தள்ளி வைத்தார்.