கோழிகள் நீங்கலாக

இன்று படகு இல்லை என்று
காலை ஏழுக்கே கடைக் கதவில் தாள் ஒட்டினார் அஸ்லாக்.
ஒட்டிய தாளையும் காற்று கொண்டுபோனது.
படகு இல்லை என்பதற்கு இப்போது
அத்தாட்சியும் இல்லை.

உட்சீரா தீவு. அக்டோபர்.
தென்கிழக்கிலிருந்து ஏறி வருகிறது.
இந்தக் காற்றுக்காகத்தான்
பதினோரு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தோம்
எய்லிஃப், ரன்வைக், நான்.
சைபீரியாவில் திசை பிசகிய குருவி ஒன்றாவது
இதில் அடித்துக்கொண்டு வராதா என்று.
யாருக்கோ நேரப்போகும் கேட்டுக்கு
விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக்
காத்திருக்கிற கூட்டம் நாங்கள்.

கல்மதில் ஓரமாய்க் குனிந்தே நடந்தோம்.
நிமிர்ந்தால் பேச்சு வாயிலேயே கிழிகிறது.
ரன்வைக் ஏதோ கத்தினாள்.
பருந்து என்று என் காதில் விழுந்து
அண்ணாந்து தேடினேன்.
பறந்தது அவள் தொப்பி.

கலங்கரை விளக்கத்தின் அடியில் முக்காலியை ஊன்ற
மூன்று காலும் மூன்று பக்கம் நடுங்கின.
கடல் என்று தனியாக ஒன்று இல்லை.
வெள்ளையாய் எழுவது அலையா கன்னெட்டா என்று
எய்லிஃப் பத்து வரை எண்ணுவார்,
அடிப்பார், மறுபடி ஒன்று.
நீர்க்காகம் ஒன்று முழுமூச்சாய்ச் சிறகடித்து
அதே பாறைக்கு நேராகவே நின்றது,
அந்தரத்தில் அந்த இடத்தைக்
குத்தகை எடுத்தாற்போல.

உருளைக்கிழங்கு வயலில் ஒன்றுமில்லை.
பள்ளிக்கூடத்துப் புதரில் ஒன்றுமில்லை.
கல்லறைத் தோட்டத்து ஊசியிலை மரங்கள் மூன்றில்
ஒன்றே இல்லை.

மூன்றரைக்குத் தூர்குன்னின் கோழிக்கூட்டு மறைவில்
ஒதுங்கியபோது கேட்டது
பலகைக்கு உள்ளிருந்து
ஊசியில் நூல் கோக்கும் அளவு ஒரு குரல்.
மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
பார்த்தால் பொய்யாகிவிடும் என்று பயம்.

கதவில் கைவைக்காதே என்று
ஓடி வந்தாள் தூர்குன், கையில் மாவோடு.
உள்ளே பதினான்கும் நேற்றிலிருந்து மிரண்டு கிடக்கின்றன.
முட்டை நின்றுபோனால்
நீங்களா இடுவீர்கள்?
எய்லிஃப் பணப்பையை எடுத்தார்.
அது இன்னும் தப்பாய்ப் போயிற்று.
கடைசியில் அவளாகவே காட்டினாள்
பலகையில் கணு உதிர்ந்த ஓட்டையை.
ஆளுக்கு ஒரு நிமிடம். மூச்சுச் சத்தம் கூடாது.

என் முறை.
ஏழு மைல் தாண்டிப் பார்க்கிற இருநோக்கி
ஒரு முழத்தில் குருடு.
கழற்றி முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு
வெறுங்கண்ணை வைத்தேன்.
முதலில் ஒரு கோழியின் பின்புறம்.
வெகுநேரம் அது மட்டுமே.
பின் அது நகர,
தண்ணீர்த் தொட்டி விளிம்பில்
கட்டைவிரல் அளவு பச்சை.
மஞ்சள் புருவம். சிறகில் வெளிறிய இரு கோடு.
ஒரு கடிதத் தாளும் அதன் தபால்தலையும் சேர்ந்தால்
எவ்வளவு கனமோ அவ்வளவு.
சன்னலின் உடைந்த கண்ணாடி வழியே வந்திருக்க வேண்டும்.
எச்சத்தில் மொய்த்த ஈக்களை
ஒவ்வொன்றாய்க் கொத்தியபடி இருந்தது.
யூரல் மலை தாண்டிய பெருமை
அதன் முகத்தில் இல்லை. பசி இருந்தது.
பதினான்கு கோழிகளும் அதை
ஏனென்றும் கேட்கவில்லை.

நேரமாச்சு, என்று முதுகில் இடித்தாள் ரன்வைக்.

இரவில் சண்டை.
கூட்டுக்குள் கண்டதைக் கணக்கில் சேர்க்கலாமா?
அடைபட்டதா, அடைக்கலம் புகுந்ததா?
எய்லிஃப் விதிப்புத்தகம் புரட்ட,
மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது.
பிறகு பென்சிலைக் கூராக்கி எழுதினார்:
காற்று தென்கிழக்கு, விசை பத்து.
நிலப்பறவைகள், கோழிகள் நீங்கலாக, ஒன்று.

சூப் கொண்டு வந்த அஸ்லாக்
எங்களைப் பார்த்துத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தார்.
மூவருக்கும் வலது கண்ணைச் சுற்றி
பலகைத் தாரின் கறுப்பு வட்டம்.

சோப்புக்குப் போகவில்லை. அதோடே படுத்தேன்.
கூரைத் தகடு அடித்துக்கொண்டே இருந்தது.
அந்த உடைந்த கண்ணாடிக்குத் தூர்குன்
சாக்கு வைத்து அடைத்துவிட்டாளா,
அப்படியே விட்டாளா
என்று கேட்க மறந்துபோனேன்.