பெயர் என்ன?

புன்டா அரேனாஸில் அன்றிரவு காற்று
ஆம்புலன்ஸ் கதவை முதலில் திறக்க விடவில்லை,
பிறகு மூட விடவில்லை.
நீரிணையில் கவிழ்ந்த நண்டுப் படகிலிருந்து
இரட்டையர் இருவர் வந்தார்கள்.
ஒரே மூக்கு, ஒரே மஞ்சள் மழைக்கோட்டு,
ஒரே பிறந்த தேதி.
கயிறு அறுத்த உள்ளங்கைகூட
இருவருக்கும் வலதுதான்.

"நீங்கள்தானே டெல்ஃபின்?"
என்று நான் கேட்பதில்லை.
குளிரில் விறைத்தவன் எதற்கும் தலையாட்டுவான்.
நீங்கள்தானே பாப்பரசர் என்றாலும்
ஆமாம் என்பான்.
கேட்கும் முறை சுவரில் ஒட்டியிருக்கிறது,
லேமினேஷனுக்குள், மூலையில் காபிக் கறையோடு:
உங்கள் பெயர் என்ன?

பற்கள் தந்தியடிக்க
"எலிசேயோ" என்றான்.

மணிக்கட்டுப் பட்டையில் டெல்ஃபின்.
என் கையில் பென்சிலின்.
எலிசேயோவின் தாளில் சிவப்பு மையில்:
பென்சிலின் ஆகாது,
எட்டு வயதில் மூச்சு அடைத்திருக்கிறது.

ஊசியைத் தட்டில் வைத்தேன்.
டாக்டர் ஓயார்சுன் திரை ஓரத்தில்
கடிகாரம் பார்ப்பது தெரிந்தது.
பார்க்கட்டும்.
இருபது வருடத்தில் ஒரே ஒரு முறை
நான் நிறுத்தாமல் போயிருக்கிறேன்.
அந்தப் பெண்ணின் பெயரை இங்கே எழுத மாட்டேன்.
பிழைத்துக்கொண்டாள். அது என் சாமர்த்தியமல்ல.

"நெல்டா, வந்து வாசி."
அவள் பட்டையை வாசித்தாள், நான் தாளை,
இலக்கம் இலக்கமாக, உரக்க.
பிறந்த அன்றே பதிந்த அடையாள எண்கள்,
அடுத்தடுத்து வந்தவை.
அண்ணனுடையது ஒன்றில் முடிகிறது.
தம்பிக்கு இலக்கமே இல்லை, கே என்று ஓர் எழுத்து.

"உங்கள் எண் எதில் முடியும்?"
வெகு நேரம் கழித்து,
"கே. பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள்" என்றான்.

அப்போதுதான் உறைத்தது.
அவன் எனக்குப் பதில் சொல்லவேயில்லை,
கேட்டுக்கொண்டிருந்தான்.

மூன்று பதினான்கு: நிறுத்தம்.
மூன்று பதினெட்டு: மருந்து ஏறியது, டெல்ஃபினுக்கு.
படிவத்தில் அவ்வளவுக்குத்தான் இடம்.

கை கழுவினேன்.
கட்டிலின் பக்கக் கம்பிகளை உயர்த்தினேன்.
பிறகு பிரேக்கை விடுவித்து
திரைப்பக்கம் ஒரு முழம் தள்ளினேன்,
அப்பால் ஒருவன் இருமுவது
காதில் விழும் தூரத்துக்கு.
பிரேக்கை மறுபடி மிதித்து
இழுத்துப் பார்த்தேன்.
அசையவில்லை.