ரெண்டு கிலோ

கொளப்பள்ளி எடைக்கொட்டகையில்
கணக்கப்பிள்ளை கூவுவார்:
"பதினெட்டு. ஈரத்துக்கு ரெண்டு கழி. பதினாறு."
அந்தத் தாளத்தைத்தான் திருடினான் புவனேந்திரன்.

தொண்ணூற்றாறு, ஆடி மாசம்.
சவுண்டு சர்வீஸில் ஒரு மைக், ஒரு ரெட்டை டெக், ராத்திரி வாடகைக்கு.
வயர் பிடித்தது நான்.
தகரத்தில் மழை. நிறுத்தச் சொல்ல முடியுமா,
அதையும் சேர்த்தே பதிந்தோம்.

"மண்டபம் கேம்புல பேரு கேட்டான்
மலையில வந்ததும் ஊரு கேட்டான்
ரெண்டு கிலோ எங்கடான்னா
நீ யாருன்னு கேட்டான்"

பாட்டா இது என்றார்கள். ஏச்சு என்றார்கள்.
பேர் எங்களுக்கும் தெரியாது.
அட்டனிலிருந்து கப்பலேறிய அவன் அப்பா மட்டும்
கேட்டுவிட்டு வெளியே போய்
வெகுநேரம் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

இருநூறு கேசட்.
கூடலூர் ஜீப்புகளில் தேயும்வரை ஓடியது.
அட்டையில் அவன் வைத்துக்கொண்ட பேர்: லயத்தான்.

வடபழனியில் குளிரூட்டிய அறை.
"லயம்னா தாளம்தானே? அருமை" என்றார் தயாரிப்பாளர்.
"பத்துக்குப் பன்னெண்டு அடி சார்.
ஏழு பேர் படுக்கணும்" என்றான் இவன்.
உச்சரிப்பை மாற்றச் சொன்னார்கள்.
இரண்டு நாள் முயன்றான்.
மூன்றாம் நாள் ஊட்டி பஸ்.

அடுத்த தீபாவளிக்குப் படம் வந்தது.
கறிக்கடை முன்னால் நாற்பது பேரோடு
நாயகன் ஆடினான், ரெண்டு கிலோ, ரெண்டு கிலோ என்று.
பாடல்: மரபு, என்று போட்டிருந்தது திரையில்.
அன்றைக்கு அவனுக்கு வயசு இருபத்தி மூணு.

அப்புறம் திருவிழா மேடைகள்,
மின்வெட்டில் மைக் இல்லாமல் முடித்தது,
ஒரு முறை சிங்கப்பூர்,
பாஸ்போர்ட்டுக்கு மூன்று அலுவலகம்.
பிறகு கொழுந்து லாரி.

போன வருசம் கோயம்புத்தூர்ப் பையன்கள்
கேமராவோடு வந்தார்கள்.
"நீங்கதாண்ணே முன்னோடி."
சிரித்தான்.
"முன்னாடியும் ஓடல பின்னாடியும் ஓடல தம்பி,
யானை துரத்துச்சு, ஓடினோம்."

இப்போது மின்தராசு. சிவப்பு எண்.
கூவ ஆளில்லை,
ரெண்டை அதுவே கழித்துக்கொள்கிறது.
நேற்று வரிசையில் ஒரு பெண்
படங்குச் சாக்கைத் தட்டித் தட்டிச் சொன்னாள்
நாலு வரியும்.
யார் எழுதியது என்று கேட்டேன்.
யாரோ, என்றாள்.

லாரிக்குள் இருந்தவனிடம் சொன்னேன்.
"கேட்டுச்சு," என்றான், கியரைத் தள்ளியபடி,
"மூணாவது வரில
மூச்சு விடுறா."