கதவு எண் 5672

ருவியில், பெட்ரோல் பங்குக்குப் பின்னால், மூன்றாம் மாடி.
ஏசி இரண்டு மாதமாக ஒரே சுருதியில் இருமுகிறது.
நாளை சம்பள நாள்.
விடிவதற்குள் ஜாங்கோவை வரிசையோடு இணைத்தாக வேண்டும்.

போன மாதம் வரை எங்கள் செயலிக்கு
கையை விடத் தெரியாது.
'அனுப்பு' என்று அழுத்தியவரை
வங்கி வாய் திறக்கும்வரை
நிறுத்தி, தானும் நின்றது.
திரையில் ஒரு வட்டம் சுற்றும்.
அதைப் பார்த்துக்கொண்டிருக்க
சாப்பாட்டு நேரம் அரைமணிதான்.
தைசுல் மியா மறுபடி அழுத்தினார்.
நாற்பத்து மூன்று ரியால்
சில்ஹட்டுக்கு இரண்டு முறை போயிற்று.
திரும்பி வர ஒன்பது நாள்.
ஒன்பது நாளும், நான் டீ வாங்க இறங்கும்போதெல்லாம்,
கவுண்ட்டர் அருகில் நின்று
"இன்றைக்கு வந்துவிடுமா மேடம்" என்று
மெல்லிய ஹிந்தியில் கேட்டார்.
கத்தியிருக்கலாம்.

ஆகவே வரிசை.
செயலி இனி சீட்டு எழுதிப் போட்டுவிட்டு
"பெற்றுக்கொண்டோம்" என்று நகர்ந்துவிடும்.
பின்கட்டில் ஒரு வேலையாள்
ஒவ்வொரு சீட்டாய் எடுத்து
வங்கியோடு மல்லுக்கட்டுவான்.
முடிந்தது என்று அவன் ஒப்புகை தரும்வரை
ராபிட் அந்தச் சீட்டைக் கிழிக்காது.
பெயரில்தான் முயல்.
நிற்பதுதான் அதன் வேலை.

என் மடிக்கணினியில் எல்லாம் சரியாக இருந்தது.
பெயர் கெஸ்ட், கடவுச்சொல்லும் கெஸ்ட்;
பிரித்த உடனே பெட்டிக்குள் கிடைப்பது.
சர்வரில் ஏற்றினேன். அனுமதி மறுப்பு.
போர்ட்டைப் பார்த்தேன், திறந்திருந்தது.
ஃபயர்வாலைப் பார்த்தேன்.
எழுத்துப்பிழை தேடினேன்.
மணி ஒன்றரை.
பதிவேட்டின் அடியில் ஒரு வரி:
விருந்தாளி உள்ளே வரலாம்,
அதே எந்திரத்திலிருந்து வந்தால் மட்டும்.

வீட்டுக்குள்ளேயே இருப்பவனுக்கு
விருந்தாளி என்று எவன் பெயர் வைத்தான்?

ரஜப் பலூஷியை எழுப்பினேன்.
பர்க்காவில், பின்னணியில் குழந்தை அழுதது.
"புதுப் பயனர் வேண்டும்.
உருவாக்க, எழுத, வாசிக்க, மூன்று உரிமையும் கொடு."
"உன் செயலிக்கு எழுதினால் போதாதா?
வாசிக்கிறவனுக்குத் தனிப் பயனர்."
எனக்குக் கோபம். அவன் சொன்னது சரி.
"பெயர்?"
"எதையாவது வைத்துவிட்டுத் தூங்கு."
விசைகள் தட்டும் சத்தம்.
"முகீம்," என்றான்.

என் அட்டையின் தலையில்
அரபியில் அச்சாகியிருக்கும் அதே சொல்.
குடியிருப்பவர்.
பன்னிரண்டு வருடம், இரண்டிரண்டாகப் புதுப்பித்தது.
வேண்டுமென்றே வைத்தானா,
தூக்கத்தில் வாய்க்கு வந்ததா,
நான் கேட்கவில்லை.

இணைந்தது.

ஐநூறு பொய்ச் சீட்டு போட்டு
நடுவில் வேலையாளைக் கொன்றேன்.
எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம்;
இந்த ஊரில் அதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு வராது.
அவன் கையில் இருந்த சீட்டு
வரிசையில் தன் பழைய இடத்துக்கே போய் நின்றது.
மறுபடி எழுப்பினேன்.
எடுத்தான், எண்ணைப் பார்த்தான்,
வங்கிக்கு ஏற்கெனவே போனது என்று கண்டு
பேசாமல் ஒப்புகை மட்டும் தந்தான்.
கடைசியில் எண்ணினேன்: ஐநூறு.
ஐநூற்று ஒன்று இல்லை.

ஏழே முக்காலுக்கு ஷட்டர் ஏறியது.
வெளியில் ஏற்கெனவே இன்னொரு வரிசை,
நிழல் இருக்கிற பக்கமாக வளைந்து.
கரக் டீயோடு நின்றேன்.
தைசுல் மியா படிக்கட்டில் உட்கார்ந்து
ஒருமுறை அழுத்தினார்.
"பெற்றுக்கொண்டோம்" உடனே வந்தது.
உடனே வந்ததாலேயே அவருக்கு நம்பிக்கை வரவில்லை.
கட்டைவிரல் கண்ணாடிக்கு மேலே
ஒரு நூல் இடைவெளியில் நடுங்கிற்று.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
பிறகு டீயைக் குடித்தேன்.

அழுத்தட்டும்.