பதினெட்டு இஞ்ச்

இன்னும் கத்தரிக்கவில்லை.
இடது மணிக்கட்டில் துணிப்பட்டை,
சிவப்பு மஞ்சள் பச்சை,
சாலிடர் புகையேறி
மூன்றும் இப்போது ஒரே நிறம்.
எந்தக் கோயில் காப்பு என்று கேட்கிறான்
சோனாங்குப்பம் காதுகுத்துக்கு
நாலு பெட்டி பேச வந்தவன்.
ஸ்பெயின் என்றேன்.
ஸ்பெயினில் எந்தக் கோயில் என்றான்.

புதுச்சேரி பிரெஞ்சுப் பட்டாளத்தார் வீட்டுக்கு
வாக்கப்பட்டுப் போன தங்கை ரெஜினா
போட்டுக் கொடுத்த டிக்கெட்.
அவள் பையன் திதியே,
தலைமுடியைத் தேர்வடமாய் முறுக்கியவன்,
தனக்குத் தெரிந்த பன்னிரண்டு தமிழ்ச் சொல்லில்
மூன்றைச் செலவழித்தான்:
மாமா, உனக்குப் பிடிக்கும்.
பிறகு பதினாலு மணி நேரம்
பேசாமல் காரோட்டினான்.

ஐந்து ராத்திரி.
கடலோரம் கூடாரம், என் உயரத்தில் பாதி.
வெயில் நம் வெயில்தான்,
அதன் கீழே மல்லாக்கப் படுத்துக்
காசு கொடுத்துக் காய்கிறார்கள்.
கக்கூஸ் வரிசையில் நின்றே
பாதிக் கச்சேரி கேட்டேன்.
பயறும் தேங்காய்ப்பாலும் விட்டு
ஆக்கிய சோறு ஒரு தட்டு.
உப்பு கம்மி என்று தமிழில் சொன்னேன்,
கடைக்காரி உப்பை நீட்டினாள்.

முதல் ராத்திரி மேடையைப் பார்க்கவில்லை.
முப்பத்தோரு வருஷத் தொழில்,
பாடுகிறவர் முகம் எனக்கெதற்கு?
பெட்டிகளின் முதுகுப் பக்கம் போனேன்.
மாடி வீட்டு உயரம்,
ஒவ்வொன்றும் கையால் இழைத்த ப்ளைவுட்.
அங்கே ஒருத்தர், என் வயசு,
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
அறுந்த ஒயரைத் தேடிக்கொண்டிருந்தார்.
பதினைந்து இஞ்ச்சா, விரலால் கேட்டேன்.
பதினெட்டு, விரலால் சொன்னார்.
எட்டு ஓமா என்றேன்.
ஓம் எல்லா ஊரிலும் ஓம்தான்.
எச்சிலைச் சட்டையில் துடைத்து
டார்ச்சை என்னிடம் கொடுத்தார்.
விடியும்வரை பிடித்திருந்தேன்.

அந்தத் தாளத்தைச் சொல்லியாக வேண்டும்.
நம் மேளம் கால் ஊன்றும் இடத்தில் விழும்.
இது, கால் தூக்கிய இடத்தில்
கிடார் ஒரு வெட்டு வெட்டும்.
இருட்டில் மாடிப்படி இறங்குகையில்
இல்லாத படிக்குக் கால் வைத்த மாதிரி.
ஆனால் விழவில்லை,
அடியில் பேஸ் தாங்கிக்கொள்கிறது.
இரண்டாம் நாள்வரை எனக்கு அது பிழை.
மூன்றாம் நாள், வரிசையில்,
என் முட்டி என்னைக் கேட்காமல் மடங்கியது.

நாலாம் ராத்திரி
பேஸ் வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்தது.
தானேப் புயலன்று உப்பனாறு ஏறி
ஊறிப்போன என் பன்னிரண்டு பெட்டி.
கோன் எல்லாம்
நமுத்த அப்பளமாய்ப் பிய்ந்து வந்தது.
அன்றைக்கு அழ முடியவில்லை,
வட்டிக்காரன் வாசலில் நின்றான்.
அங்கே, என் பேர் தெரியாத
இருபதாயிரம் பேருக்கு நடுவில்
அழுதேன்.
பக்கத்துப் பெண் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு
ஆடப் போய்விட்டாள்.
எவ்வளவு நல்லவள், ஏன் என்று கேட்கவில்லை.

ஐந்தாம் ராத்திரி தூங்கிவிட்டேன்.
திதியே இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

முதுநகர் ஷெட்டில் எட்டு மாசமாய்
ஒற்றைப் பெட்டி.
இரண்டு முறை அறுத்து இரண்டு முறை ஒட்டி,
ஜெசிந்தாவின் வளையல் ஒன்றும்
உள்ளே போயிருக்கிறது.
அவளுக்குத் தெரியும், கேட்கவில்லை,
கணக்கில் எழுதி வைத்திருக்கிறாள்.

காதுகுத்துக்காரன் முன்பணம் எண்ணுகிறான்.
ஹாரன் எட்டு வேணும்,
தேவனாம்பட்டினம்வரைக்கும் கேட்கணும்.
கேட்க வேண்டாம், அதிரட்டும் என்றேன்.
புரியாமல் இருநூறு குறைத்தான்.
சாம்பிளுக்கு ஒன்று போட்டேன்.
குரல் இல்லை, தாழ்ந்த கம்பி மட்டும்.
தகர ஷெட்டில் ஆணி ஒன்று தளர்ந்து விழுந்தது.
மேசைமேல் அவன் டீ கிளாஸ்
தானாக நகர ஆரம்பித்தது.
பிடிக்கக் கை நீட்டினான்.
விடுங்க என்றேன்,
எதுவரைக்கும் போகுதுன்னு பார்ப்போம்.