குண்டு போடாத மணி

மூன்றாம் வகுப்பில் பதினொரு பேர்.
மொத்தம் எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
சராசரி எழுபத்திரண்டு.
தாளாளர் நோட்டைத் தன்பக்கம் திருப்பி
ஒரு பெயரை மட்டும் பென்சிலால் அடித்தார்,
வேண்டுமானால் அழித்துக்கொள்ளலாம் என்பதுபோல் லேசாக.
இப்போது எழுபத்தெட்டு.

கெட்டவர் இல்லை.
சிவதாபுரத்து மழைத்தண்ணீர் வகுப்புக்குள் வந்த வருடம்
பெஞ்சுகளைத் தலையில் தூக்கி மாடியேற்றியவர்.
பைபாஸ் தாண்டி ஒரு பள்ளி வந்திருக்கிறது.
ஏழு பேருந்து, ஒரு நீச்சல் குளம்.
எங்களுக்கு அறுபத்து மூன்று பிள்ளைகள்,
ஒரு வேன், அதற்கும் தவணை.
"பரிட்சை அன்னிக்கு அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல்னு
ஒரு லீவ் லெட்டர் வாங்கிக்குங்க டீச்சர்.
தரம்னு ஒண்ணு இருக்குல்ல."

தரம்.
இந்தத் தெருக்களில் அந்தச் சொல்லுக்கு எண் உண்டு.
எழுபது டச், எண்பது டச்.
உருக்கிப் பார்க்க ஆள் உண்டு, ரசீது உண்டு.
தேஜாஸ்ரீயின் ரசீதில் பன்னிரண்டு.

அவளுக்குப் புள்ளி பிடிபடவில்லை.
பால் அவளுக்குப் பால.
கல், கல.
அம்மாவே அமமா.
கண் டாக்டரிடம் காட்டினோம், கண்ணில் ஒன்றுமில்லை.
சிவப்பு மசியில் வைத்துக் காட்டினேன்,
ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன்,
புள்ளி வந்தால் பாதிதான் சொல்லணும் என்று
நூறு முறை சொன்னேன்.
ஒருநாள் கத்தினேன்,
அதை அறிக்கையில் எழுதவில்லை.

நாலு மணியிலிருந்து நாலரை வரை
அவளும் நானும் உட்காரும் நேரத்துக்குப்
பள்ளியில் பெயர் கிடையாது. சம்பளமும்.
அந்தப் பள்ளியில் இதற்கென்று ஓர் அறையே இருக்கிறதாம்.
எங்களுக்குத் தண்ணீர்த் தொட்டி நிழல்.
வேனைத் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தபடி
ஹாரன் அடிக்காமல் காத்திருக்கும் முனியப்பன்
எங்கள் மொத்த நிதி ஒதுக்கீடு.

ஒரு வியாழக்கிழமை.
நகக்கண்ணில் வெங்காரம் வெள்ளையாய்ப் படிந்த விரல்
'ல்' தலையைத் தொட்டது.
"மிஸ், இது குண்டு போடாத மணியா?"

புரியவில்லை எனக்கு.
கொலுசு மணிக்குள்ள குட்டிக் குண்டு போடணும் மிஸ்,
போட்டுட்டுதான் மூடணும்,
மறந்துட்டா மணி இருக்கும், பேசாது.

பிறகு அவளே நாக்கை அண்ணத்தில் ஒட்டி
அங்கேயே நிறுத்தினாள்.
பா. ல்.
பால்.
அம்மாதான் கடைசிவரை சண்டை போட்டது.
இரண்டு உதடும் ஒருகணம் மூடிக்கிடந்து
திறந்தபோது
முனியப்பன் துணியைப் பிழியாமல் நின்றார்.

எட்டு வயது விரலுக்கு வெங்காரம் எப்படி வந்தது
என்று கேட்க வேண்டியவளும் நானே.
கேட்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன்.
"ராத்திரி எட்டு வரைக்கும்தான் மிஸ்,
குண்டு மட்டும்தான் போடுவா" என்றார் அவள் அம்மா விஜயசாந்தி.
"பரிட்சை முடியற வரைக்கும் வேணாம்னு சொல்றேன்."
சொன்னது என்னிடம்,
பார்த்தது மூடாத மணிகள் குவிந்த தட்டை.
சேலைத் தலைப்பில் விரலை மறைத்துக்கொண்டு
கதவோரம் நின்றாள் தேஜாஸ்ரீ.
அவளுக்கு எழுத்து தந்த வேலையைத்தான்
நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தேன்.

லீவ் லெட்டர் வாங்கவில்லை.
இரண்டு பென்சிலைக் கூராக்கிக்கொண்டு வந்தாள்.
முப்பத்தொன்று.
பாஸுக்கு நாலு குறைவு.
கருணேஷ் கணக்கில் சறுக்கியதில்
சராசரி எழுபத்தொன்றுக்கு இறங்கியது.
தாளாளர் நோட்டை மூடினார், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் வாசலில் புதிய பலகை.
மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது.
நீலப் பெயிண்ட் இன்னும் காயவில்லை,
பெயிண்டர் காசு வாங்கிக்கொண்டு போயாயிற்று.
வேனில் ஏறப்போனவள் நின்று
மா, ண, வ, ர் என்று கூட்டிப்போய்
அடுத்த சொல்லில் சிரித்துவிட்டாள்.
"மிஸ், இங்க பேசக்கூடாத மணிக்குள்ள
குண்டைப் போட்டுட்டாரு."

நான் படித்தேன்.
தாளாளர் படித்தார், சரியாகத்தானே இருக்கிறது என்றார்.
மறுபடி படித்தார்.
சேரக்கை.
ஒன்றும் சொல்லாமல்
ஸ்டூல் எடுத்துவர உள்ளே போனார்.